பிள்ளை தவறாகப் படிக்கிறதா, தாள் தவறாகக் காட்டுகிறதா? எண் எழுத்துருக் கோளாறுகளும் தீர்வுகளும்

பயிற்சித்தாளில் ஒரே தவறு நாலைந்து பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் தாளைச் சந்தேகப்படுங்கள். ஒரு பிள்ளை மட்டும் தடுமாறினால் அது அந்தப் பிள்ளை இன்னும் பழக வேண்டிய விஷயமாக இருக்கலாம். பாதி வகுப்பு ஒரே இடத்தில் இடறினால் அந்த இடத்தில் ஏதோ கல் கிடக்கிறது. பல சமயம் அந்தக் கல், கணினியில் நாம் யோசிக்காமல் தேர்ந்தெடுத்த எழுத்துருதான்.

இது நம் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். மூடிய 4, திறந்த 4, வாலை வளைத்த 4 என எது வந்தாலும் நமக்கு அது நாலு. வடிவத்தைப் பார்ப்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவை மூன்றும் மூன்று வேறு படங்கள்.

எதற்கும் முன்னால்: தாளின் பின்பக்கச் சோதனை

பிள்ளை தவறாகப் படித்த எண்ணைத் தாளின் பின்பக்கத்தில் உங்கள் கையால் பெரிதாக எழுதிக் காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் காட்டினால் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். ஆகவே வேறு நாலு எண்களோடு கலந்து, இரண்டு முறை வருகிற மாதிரி எழுதுங்கள். கையெழுத்தைச் சரியாகப் படித்து அச்சை மட்டும் தவறாகப் படித்தால் கோளாறு எழுத்துருவில் இருக்கிறது; கீழே உள்ளதில் பொருந்தும் அறிகுறியைத் தேடுங்கள். இரண்டையுமே தவறாகப் படித்தால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. அந்த எண் இன்னும் மனதில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

அறிகுறி: 1-ஐ 7 என்கிறார்கள், அல்லது 1 எழுத்தா எண்ணா என்று விழிக்கிறார்கள்

1 என்ற எண்ணுக்கு அச்சில் குறைந்தது மூன்று உருவங்கள் உண்டு. வெறும் குச்சி. உச்சியில் சிறு கொடி வைத்த குச்சி. கொடியோடு அடியில் பலகையும் வைத்தது. கில் சான்ஸ் எழுத்துருவில் 1 வெறும் குச்சி. ஆங்கிலப் பெரிய ஐ, சிறிய எல் இரண்டும் அதே குச்சிதான். ஆங்கில எழுத்தும் எண்ணும் ஒரே தாளில் வரும் இடத்தில் இதைப் போட்டால் பெரியவர்களே ஏமாறுவார்கள். ஏரியலில் கொடி உண்டு, பலகை இல்லை. கொடி நீண்டு சாயும் சில அலங்கார எழுத்துருக்களில் 1, 7-க்குத் தம்பி மாதிரி நிற்கும்.

வெர்டானா, டஹோமா இரண்டிலும் 1-க்கு அடிப்பலகை உண்டு. படிக்கிற தாளுக்கு அது குழப்பமில்லாத 1. ஆனால் பார்த்து எழுதுகிற தாளில், வகுப்பில் எந்த 1-ஐச் சொல்லிக்கொடுக்கிறீர்களோ அதுதான் இருக்க வேண்டும். குச்சி 1 கற்ற பிள்ளை பலகை வைத்த 1-ஐப் பார்த்து எழுதும்போது, பலகையைத் தனிக்கோடாக எங்காவது போட்டு வைக்கும். 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவதும் அப்படித்தான்: கையெழுத்தில் அந்தப் பழக்கம் இருந்தால் தாளிலும் வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம்.

அறிகுறி: 4 எழுதச் சொன்னால் முக்கோணம் போட்டுக் குச்சி சொருகுகிறார்கள்

நான் ஒருமுறை வழவழப்பான எழுத்துரு ஒன்றில் எண் அட்டவணை தயாரித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுவாரம் நோட்டுகளில் கொடிக்கம்பம் மாதிரி 4 வரிசையாக நின்றது. பிள்ளைகள் பிழை செய்யவில்லை. நான் கொடுத்த படத்தை உள்ளபடியே வரைந்திருந்தார்கள்.

அச்சு எழுத்துருக்களில் பெரும்பாலும் 4-இன் தலை மூடியிருக்கும். கையால் எழுதும்போது நம்மில் பலர் தலையைத் திறந்தே எழுதுகிறோம்: கீழே இறங்கி, வலப்பக்கம் போய், கையை எடுத்து, மேலிருந்து ஒரு கோடு. மூடிய 4-ஐப் பார்க்கும் பிள்ளைக்கு இந்த வரிசை தெரியாது. முக்கோணத்தை எங்கிருந்து தொடங்குவது என்று அதுவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். முக்கோணத்தின் முனை மழுங்கினால் 9 மாதிரி ஆகிவிடும் என்பது கூடுதல் தொல்லை.

ஆக, பார்த்து எழுதும் தாளில் திறந்த 4 கட்டாயம். வெறுமனே படிக்கும் தாளில் மூடிய 4 இருந்தால் பெரிய நஷ்டமில்லை. கடிகாரத்திலும் புத்தகத்திலும் அதைத்தானே பார்க்கப்போகிறார்கள். கொஞ்ச நாள் கழித்து, "இதுவும் நாலுதான், புத்தகத்து நாலு" என்று அறிமுகம் செய்துவிடலாம்.

திறந்த 4 எங்கே கிடைக்கும்? எஸ்.ஐ.எல் அமைப்பு வெளியிட்டிருக்கும் ஆண்டிகா என்ற இலவச எழுத்துரு புதிதாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்காகவே வரையப்பட்டது. அதற்குள் 1, 4, 6, 7, 9 ஆகியவற்றுக்கு மாற்று உருவங்கள் ஒளிந்திருக்கின்றன. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்சங்கள் பொத்தானை அழுத்தினால் அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். வேர்டில் அந்த வசதி இல்லை. வேர்டுதான் வேண்டுமென்றால், எஸ்.ஐ.எல் தளத்தில் உள்ள டைப்டியூனர் என்ற கருவியில் உங்களுக்குப் பிடித்த 4-ஐயும் 1-ஐயும் நிலையாக வைத்து, அந்த எழுத்துருவையே தனிப் பிரதியாக இறக்கிக்கொள்ளலாம். ஒருமுறை செய்தால் போதும். பல வருடம் ஓடும்.

பிள்ளைகளுக்கான எழுத்துருவை 1980-களிலேயே யோசித்தவர் ரோஸ்மேரி சாசூன். எந்த வடிவம் படிக்க எளிது என்று பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்து அவர் உருவாக்கிய சாசூன் பிரைமரி இன்றும் விற்பனையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதால் நான் ஆண்டிகாவோடு நிறுத்திக்கொண்டேன்.

அறிகுறி: 6-ம் 9-ம் இடம் மாறுகின்றன

இங்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். குழப்பம் சுவரில் ஒட்டிய அட்டவணையிலும் வருகிறதா, கையில் எடுத்து விளையாடும் அட்டையில் மட்டும் வருகிறதா?

அட்டையில் மட்டும் என்றால் பிள்ளையின் மீது ஒரு குறையும் இல்லை. ஏரியல் போன்ற எழுத்துருக்களில் 6-ஐத் தலைகீழாகத் திருப்பினால் அப்படியே 9. தரையில் விழுந்த அட்டையைத் தலைகீழாக எடுத்த பிள்ளை 9 என்று சொன்னால், அது பார்த்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. பில்லியர்ட்ஸ் பந்துகளில் 6, 9 இரண்டின் அடியிலும் கோடு போடுவது இதனால்தான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கான அட்டையில் இந்த இரண்டுக்கு மட்டும் அடிக்கோடு போட்டால், கோடும் எண்ணின் ஒரு பகுதி என்று நினைத்து நோட்டில் கோட்டையும் சேர்த்து எழுதுவார்கள். அதனால் 0 முதல் 9 வரை எல்லா அட்டைக்கும் அடியில் ஒரே நிறத்தில் ஒரு பட்டை ஒட்டிவிடுங்கள். "பட்டை கீழே இருக்கணும்" என்ற ஒரே விதி போதும்.

சுவர் அட்டவணையிலும் குழப்பம் வந்தால், 9-க்கு நேரான தண்டு உள்ள எழுத்துருவைத் தேடுங்கள். வளைந்த வயிறு உள்ள 6, நேராக நிற்கும் 9 என்று இருந்தால் ஒன்று மற்றதன் திருப்பமாக இருக்காது. இரண்டுமே நேர்த்தண்டு வைத்த எழுத்துருக்கள் உண்டு. அவற்றை மாற்றிப் போட்டு ஒரு லாபமும் இல்லை, திருப்பினால் மறுபடி அதேதான்.

அறிகுறி: 2, 3, 7, 9 கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பியிருக்கின்றன

எழுத்துருவைத் தொடாதீர்கள். ஆறேழு வயது வரை இது சாதாரணம். ஒரு நாற்காலியை இடப்பக்கமிருந்து பார்த்தாலும் வலப்பக்கமிருந்து பார்த்தாலும் அது நாற்காலி என்று கற்றுக்கொண்ட மூளைக்கு, 3-ஐத் திருப்பினால் அது 3 இல்லை என்ற விதி புதுசு. இடப்பக்கம் பார்க்கும் எண்கள்தான் அதிகம் திரும்பும். எங்கே பென்சிலை வைத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டும் ஒரு தொடக்கப்புள்ளி உதவும். அது எழுதும் பயிற்சியின் வேலை. எந்த எழுத்துருவும் இதைத் தீர்க்காது.

அறிகுறி: காலையில் அச்சிட்ட தாளில் சரி, ஜெராக்ஸ் எடுத்த தாளில் 3, 6, 8 எல்லாம் ஒன்று

3-க்கும் 8-க்கும் வித்தியாசம் இடப்பக்கத்து இடைவெளி மட்டும்தான். 6-க்கும் 8-க்கும் மேலே வலப்பக்கத்து இடைவெளி. அந்த வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் எழுத்துருவின் தெளிவு இருக்கிறது. ஏரியலில் கோட்டின் நுனிகள் உள்ளே சுருண்டு வாயை ஏறக்குறைய அடைத்துவிடும். மை கொஞ்சம் பரவினால் வாய் மூடிக்கொள்ளும். வெர்டானாவில் வாய் அகலம். 1996-இல் குறைந்த தெளிவுள்ள திரைகளுக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்த எழுத்துரு அது, இடைவெளிகளும் தாராளம். மங்கலான திரைக்குச் செய்தது மங்கலான ஜெராக்ஸுக்கும் கைகொடுக்கிறது.

தடித்த எழுத்தாகப் போட்டால் தெளிவாகத் தெரியும் என்பது பலருடைய நம்பிக்கை. பெரிய அளவில் உண்மைதான். சிறிய அளவில் தடிமன் உள்ளேதான் வளர்கிறது. 8-இன் இரண்டு கண்களும் 6-இன் வயிறும் அடைபடும். சாதாரணத் தடிமனை வைத்துக்கொண்டு அளவைக் கூட்டுங்கள். பலூ தம்பி மாதிரியான குண்டு எழுத்துருக்கள் தலைப்பில் அழகு. கணக்குக்குள் அதன் மிகத் தடித்த வடிவம் வேண்டாம்.

சோதிக்க ஒரு வழி: 3858, 6896, 1471, 5653 என்று நாலு வரி அச்சிட்டு, அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுங்கள். இரண்டாவது பிரதியைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வாய் மூடாமல் இருந்தால் அந்த எழுத்துரு தேறியது.

அறிகுறி: "இந்த 0-வை ஏன் அடிச்சிட்டீங்க?" என்று கேட்கிறார்கள்

நிரல் எழுதுபவர்களுக்கான கன்சோலாஸ் போன்ற எழுத்துருக்களில் சுழியத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு இருக்கும், ஆங்கில ஓ எழுத்தோடு குழம்பாமல் இருக்க. பிள்ளைக்கு அது ஆசிரியர் தவறு என்று அடித்த எண்.

இதில் நல்ல எண்ணத்தோடு மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக அமெரிக்காவின் பிரெயில் இன்ஸ்டிட்யூட் 2019-இல் வெளியிட்ட அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள் தெளிவுக்குப் பேர்போனது, இலவசமும்கூட. அதன் சுழியத்திலும் கோடு உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து படிக்கும் பெரியவருக்கு அது வரம். எண்ணே புதிதாக இருக்கும் பிள்ளைக்கு, சுழியம் என்றால் குறுக்கே கோடு போட்டது என்றாகிவிடும். வகுப்பில் பார்வை குறைந்த பிள்ளை இருந்து இந்த எழுத்துருதான் அதற்கு ஒத்துவருகிறது என்றால், தயங்காமல் பயன்படுத்துங்கள். கோட்டைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள், சரி.

அறிகுறி: ஒரே வரியில் சில எண்கள் கீழே தொங்குகின்றன, சில குள்ளமாக இருக்கின்றன

ஜார்ஜியா, கான்டாரா, கான்ஸ்டான்ஷியா, கார்பெல் இந்த நாலில் ஒன்றைப் போட்டிருப்பீர்கள். இவற்றில் எண்கள் பழைய பாணியில் இருக்கும்: 0, 1, 2 குள்ளம், 3, 4, 5, 7, 9 கோட்டுக்குக் கீழே இறங்கும், 6, 8 மேலே ஏறும். நாவலின் பத்திக்குள் கண்ணை உறுத்தாது. இரண்டு கோட்டுக்கு நடுவே எழுதப் பழகும் பிள்ளைக்கு இது சரியான வம்பு, ஏனென்றால் நோட்டிலும் 9-ஐக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும். வேர்டில் எழுத்துருச் சாளரத்தின் அட்வான்ஸ்டு பக்கத்தில் நம்பர் ஃபார்ம்ஸ் என்ற இடத்தில் லைனிங் என்று மாற்றினால், எழுத்துருவில் வசதி இருந்தால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வரும். அல்லது அந்த எழுத்துருவையே விட்டுவிடுங்கள், சுலபம்.

அறிகுறி: கூட்டல் கணக்கில் ஒன்றுக்குக் கீழே ஒன்றும் பத்துக்குக் கீழே பத்தும் நிற்கவில்லை

சில எழுத்துருக்களில் 1 ஒல்லியாகவும் 8 அகலமாகவும் இடம் எடுக்கும். 11-க்குக் கீழே 88 போட்டால் இடமதிப்பே நகர்ந்துவிடும். மேலே சொன்ன அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் நம்பர் ஸ்பேசிங் என்பதை டேபுலர் ஆக்கினால், எழுத்துருவில் வசதி இருந்தால் எல்லா எண்ணும் சம அகலம் பெறும். எனக்கு அதைவிட நம்பகமாகத் தோன்றுவது அட்டவணை: ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம், கோடுகளை மறைத்துவிடுங்கள். ஸ்பேஸ் பொத்தானைத் தட்டித் தட்டி நேராக்குவது மட்டும் வேண்டாம். அடுத்த முறை அளவை மாற்றியதும் எல்லாம் சாயும்.

கணக்குக் குறிகளையும் ஒரு பார்வை பாருங்கள். கழித்தலுக்குச் சிறு இணைப்புக்கோட்டைப் போட்டால் அது எண்களுக்கு நடுவே தூசி மாதிரி இருக்கும். கூட்டல் குறியின் அகலத்துக்குச் சமமான உண்மையான கழித்தல் குறி சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது. பெருக்கலுக்கும் ஆங்கில எக்ஸைப் போடாமல் × குறியையே எடுங்கள். அரை என்று எழுத 1, சாய்கோடு, 2 என்று தட்டியதும் வேர்டு அதைக் குட்டியூண்டு ½ ஆக்கிவிடும். உடனே கண்ட்ரோல் இசட் அழுத்தினால் பழையபடி வரும்.

அறிகுறி: புள்ளிகளின் மேல் எழுதும் தாளில் இரட்டைக் கோடு போடுகிறார்கள்

நீங்கள் போட்டது உள்ளீடற்ற எண். அதாவது எண்ணின் விளிம்பு மட்டும் புள்ளிகளாக இருக்கிறது. பிள்ளை ஒரு விளிம்பில் தொடங்கிச் சுற்றி வந்து, எண்ணை எழுதாமல் அதன் மதிலைக் கட்டும். வண்ணம் தீட்ட அது நல்லது, எழுதிப் பழக ஆகாது. எழுத, நடுவே ஒற்றை வரிசைப் புள்ளி ஓடும் எழுத்துரு வேண்டும், தொடக்கத்தில் ஒரு பெரிய புள்ளியோடு. அம்புக்குறிகள் நிறைய உள்ளவற்றை நான் தவிர்க்கிறேன். 8-இல் நாலு அம்பு போட்டால் பிள்ளை அம்பையும் சேர்த்து வரைகிறது. புள்ளி எழுத்துருவே கிடைக்காவிட்டால் கவலையில்லை. வழக்கமான எண்ணை மெல்லிய தடிமனில், வெளிர்சாம்பல் நிறத்தில் பெரிதாக அச்சிட்டால் அதன் மேலேயே எழுதலாம். ஜெராக்ஸில் அந்தச் சாம்பல் காணாமல் போகும் என்பதால், இதை மட்டும் நேரடியாக அச்சிடுங்கள்.

அறிகுறி: வீட்டில் செய்தபோது ஒரு எழுத்துரு, வகுப்பில் அச்சிட்டபோது வேறொன்று

அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லை. அது கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டது. பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொண்டுபோங்கள். வேர்டு கோப்பாகவே தர வேண்டியிருந்தால், சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்பினுள் பதிக்கும் தெரிவு இருக்கிறது.

தமிழ்த் தாளில் இதோடு இன்னொன்றும் சேரும். வேர்டு தமிழ் எழுத்துக்கு ஓர் எழுத்துருவையும் ஆங்கில எழுத்துக்கு வேறொன்றையும் தனித்தனியே நினைவில் வைக்கிறது. எண்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துருவின் பக்கம் போய்ச் சேரும். "5 பூக்கள்" என்று மொத்தமாகத் தேர்ந்து தமிழ் எழுத்துருவை மாற்றினால் பூக்கள் மாறும், 5 பழையபடியே நிற்கும். எண்ணை மட்டும் தேர்ந்து அதன் எழுத்துருப் பெயரைப் பாருங்கள். அளவும் பொருந்தாது: ஒரே பாயிண்டில் தமிழ் எழுத்து பெரிதாகவும் எண் சிறிதாகவும் தெரியலாம். எண்ணை ஒன்றிரண்டு பாயிண்ட் கூட்டினால் சமமாகும்.

தமிழ் எண்கள் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ௧, ௨, ௭, ௮ நான்கும் பல எழுத்துருக்களில் க, உ, எ, அ ஆகியவற்றிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருக்கும். அங்கே எந்த எழுத்துருவும் காப்பாற்றாது. எண்களைத் தனி நிறத்தில் அல்லது தனிக் கட்டத்தில் போடுவதுதான் வழி.

அறிகுறி: முன்வரிசை படிக்கிறது, பின்வரிசை பக்கத்து நோட்டைப் பார்க்கிறது

இது அளவின் கோளாறு. 24 பாயிண்ட் என்றால் எண் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் உயரம் வரும். மேசை மேல் உள்ள தாளுக்குப் போதும். கண் பரிசோதனைப் பலகையில் இயல்பான பார்வைக்கான வரி, 6 மீட்டர் தொலைவில் சுமார் 9 மில்லிமீட்டர் எழுத்து. ஆனால் அது கண் தெரிவதற்கான கடைசி எல்லை, வசதியாகப் படிக்கும் அளவு இல்லை. அறிவிப்புப் பலகை எழுதுபவர்களின் கணக்கு ஒரு மீட்டர் தொலைவுக்கு சுமார் 8 மில்லிமீட்டர். அப்படியானால் 6 மீட்டர் அறைக்கு எண் 5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், அதாவது 200 பாயிண்ட். அளவு சரியாக இருந்தும் ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அறிகுறி: தாளை மாற்றிய பிறகும் பழைய தவறே வருகிறது

பிள்ளைகள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று ஐந்து நிமிடம் பின்னால் நின்று கவனியுங்கள். புதுத் தாளில் திறந்த 4 இருக்கும். மேசையில் போன வருடம் ஒட்டிய எண்கோட்டுப் பட்டையில் மூடிய 4 இருக்கும். சந்தேகம் வந்தால் தாளைப் பார்ப்பதில்லை, விரலை வைத்து அந்தப் பட்டையில் எண்ணிப் போய் அங்கே இருப்பதைத்தான் வரைகிறார்கள். அதை முதலில் பிய்த்தெடுத்து மாற்றுங்கள், அப்புறம் சுவர் அட்டவணை.